யார் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? கொச்சி யூதர்களும் நம் சேரிக் கூட்டங்களும்

ஒரு சிறிய சமூகம் தன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசக் கூடுகிறது என்றால், என்ன பேசினார்கள் என்று கேட்பதற்கு முன்பு நாம் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும். யார் நாற்காலியில் இருந்தார்கள்? யார் தரையில் இருந்தார்கள்? கூட்டம் நடந்ததே யாருக்குத் தெரியாது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நமக்குக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது பற்றி ஒரு கூட்டம். பஞ்சமி நிலத்தின் பழைய ஆவணங்களைத் தேடுவது பற்றி ஒன்று. சுடுகாட்டுப் பாதை, ஒப்பந்தத் தொழிலாளர் கூலி, கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம். எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒரு பெரியவர் எழுந்து ஒரே விஷயத்தைச் சொல்வார்: "முதல்ல எல்லாரும் ஒண்ணா நிப்போம்பா. நமக்குள்ள இருக்கிறத அப்புறம் பேசிக்கலாம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவதில்லை அது. அனுபவத்திலிருந்தும் பயத்திலிருந்தும் வருகிறது. ஆனாலும் அது தவறு என்று நாங்கள் நினைக்கிறோம். ஏன் தவறு என்பதைக் காட்ட, நமக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் ஒரு சமூகத்தின் கதையை இங்கே எழுதுகிறோம். அவர்கள் கொச்சியில் ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த யூதர்கள். இன்று அங்கே எஞ்சியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

யூதர் என்றதும் நம் இளைஞர்களுக்கு உடனே இஸ்ரேல் அரசும் காசாவும் நினைவுக்கு வரும். பாலஸ்தீன மக்களின் உரிமையில் நமக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஆனால் ஒரு அரசு செய்வதை வைத்து, மலையாளம் பேசி மீன் குழம்பு வைத்து வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றைப் படிக்காமல் விடுவது நமக்கு அழகல்ல. அதுவும் அந்த வரலாற்றில் சாதி இவ்வளவு வெளிப்படையாக உட்கார்ந்திருக்கும்போது.

பல்லக்கும் குடையும்

கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ஒரு செப்பேடு வழங்கினான். வட்டெழுத்தில் எழுதப்பட்ட அந்தச் செப்பேடு இன்றும் மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தில் இருக்கிறது. 72 உரிமைகள் அதில் வழங்கப்பட்டதாகச் சொல்கிறது. பல்லக்கில் ஏறிப் போகலாம், குடை பிடிக்கலாம், சில வரிகள் கட்ட வேண்டாம் என்பவை அவற்றில் அடக்கம்.

இதை "மதச் சகிப்புத்தன்மைக்குச் சான்று" என்று பாடப்புத்தகங்கள் எழுதும். அது உண்மைதான். உலகின் பல நாடுகளில் யூதர்கள் துரத்தப்பட்ட காலத்தில் கேரளக் கரையில் அவர்கள் நிம்மதியாக வாழ்ந்தார்கள். ஆனால் சமூகவியல் படித்தவர்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். குடை பிடிப்பது ஏன் உரிமையாக எழுதித் தரப்பட வேண்டும்? எல்லோரும் குடை பிடிக்க முடியாத ஊரில்தான் குடை ஒரு உரிமை. யாரோ தோளில் சுமக்க வேண்டிய இடத்தில்தான் பல்லக்கு ஒரு கௌரவம். தெற்குத் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில்கூடப் பெண்கள் தோள்சீலை போட உரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் யூதர்களுக்குக் கிடைத்த மரியாதை, சாதி ஏணியில் ஒரு நல்ல படியாகவே கிடைத்தது. ஏணியில் இடம் கிடைத்தவர்கள் தங்களுக்குக் கீழேயும் படி வெட்டிக்கொள்வார்கள். கொச்சியில் அதுதான் நடந்தது.

1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் விரட்டப்பட்டார்கள். அவர்களில் சிலரும், பின்னர் ஈராக், சிரியா போன்ற இடங்களிலிருந்து வந்தவர்களும் 16ஆம் நூற்றாண்டு முதல் கொச்சியில் குடியேறினார்கள். வெளியூரிலிருந்து வந்ததால் அவர்களுக்குப் பரதேசி யூதர் என்று பெயர். 1568இல் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்திலேயே தங்களுக்கென ஒரு ஜெப ஆலயம் கட்டிக்கொண்டார்கள். பிறகு அவர்கள் "வெள்ளை யூதர்" ஆனார்கள். அவர்களுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள் "கருப்பு யூதர்" ஆனார்கள். ஒரே வேதம், ஒரே ஓய்வுநாள், ஒரே உணவு விதி இருந்தும் இவர் வீட்டில் அவர் பெண் எடுப்பதில்லை.

இந்த இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு பிரிவு இருந்தது. எபிரேய மொழியில் அவர்களை "மெஷுஹ்ராரிம்" என்றார்கள். "விடுவிக்கப்பட்டவர்கள்" என்று பொருள். யூத வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத மதம் ஏற்று விடுதலை பெற்றவர்கள், அவர்களின் பிள்ளைகள், எசமான்களுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வழித்தோன்றல்கள் எல்லோரும் இந்தப் பெயருக்குள் அடைக்கப்பட்டார்கள். விடுதலை பெற்று எத்தனை தலைமுறை ஆனாலும் பெயர் மட்டும் விடவில்லை. பரதேசி ஜெப ஆலயத்தில் அவர்களுக்குப் பெஞ்சு கிடையாது. வாசல் அறையில் தரையிலோ படியிலோ உட்கார வேண்டும். வேதம் வாசிக்க மற்றவர்களைப்போல அழைக்கப்பட மாட்டார்கள். அங்கே திருமணம் நடத்த முடியாது. செத்தால் புதைக்கவும் அதே கல்லறையில் இடமில்லை.

நம் வட்டாரத்துக் கிறிஸ்தவத் தோழர்கள் இந்தப் பத்தியை இரண்டாவது முறை படிக்க வேண்டியதில்லை. ஒரே தேவாலயத்தில் தனி வரிசை, நடுவில் சுவர் வைத்த கல்லறைத் தோட்டம், தெருவுக்குள் வராத தேர் எல்லாம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

தீர்ப்பு இருந்தது, பெஞ்சு கிடைக்கவில்லை

இந்தக் கதையில் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். யூத மதச் சட்டம் இந்தப் பாகுபாட்டை ஏற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு கேள்வி போனது. சமூகத்தில் சிறுபான்மையாக இருந்த ஒரு குழு, மற்றவர்களை அடிமை வழி வந்தவர்கள் என்று சொல்லிப் பெண் கொடுக்க மறுக்கிறது, இது சரியா என்பதுதான் கேள்வி. அன்றைய பெரிய மதச் சட்ட அறிஞரான டேவிட் பென் சிம்ரா, முறைப்படி மதத்தில் சேர்க்கப்பட்டால் அவர்கள் முழு யூதர்களே, மணஉறவு கொள்ளத் தடையில்லை என்று பதில் எழுதினார். அதே நூற்றாண்டில் இன்னொரு மதகுருவும் அதையே சொன்னார். 1882இல் எருசலேமின் தலைமை மதகுருவிடம் மீண்டும் கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார்.

மூன்று முறை தீர்ப்பு வந்தது. பெஞ்சு மட்டும் நகரவில்லை.

ஏன் நகரவில்லை? தீர்ப்பைக் கேட்டவர்களுக்கும் அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்களுக்கும் நடுவில் சபைக் கூட்டம் என்று ஒன்று இருந்தது. ஜெப ஆலயத்தின் சொத்து, கல்லறை, திருமணப் பதிவு எல்லாம் அந்தக் கூட்டத்தின் கையில். தரையில் உட்கார்ந்தவர்களுக்கு அதில் வாக்கு இல்லை. நம் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு 1950 ஜனவரி 26 முதல் தீண்டாமையை ஒழித்துவிட்டது. அதற்குப் பிறகும் கோயில் நுழைவுக்காக நாம் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்துகொண்டிருக்கிறோம் என்றால் காரணம் ஒன்றுதான். சட்டம் டெல்லியில் இருக்கிறது, திருவிழாக் கமிட்டி ஊரில் இருக்கிறது.

சத்தியாகிரகம் செய்த வழக்கறிஞர்

ஆபிரகாம் பராக் சேலம் 1882இல் பிறந்தார். (சேலம் என்பது இங்கே ஊர்ப் பெயர் அல்ல.) "விடுவிக்கப்பட்டவர்கள்" பிரிவைச் சேர்ந்தவர். சென்னையில் சட்டம் படித்து, எர்ணாகுளத்தில் வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1929 டிசம்பரில் லாகூரில் முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார். படகோட்டிகள் போன்ற உழைப்பாளிகள் சங்கம் சேரத் துணைநின்றார். சட்டமன்றத்தில் நாற்காலி இருந்த இதே மனிதருக்கு, சொந்த ஜெப ஆலயத்தில் பெஞ்சு இல்லை.

வைக்கம் தெருக்களில் 1924-25இல் நடந்த போராட்டத்தைக் கண்ட தலைமுறை அவருடையது. சத்தியாகிரகத்தை அவர் ஜெப ஆலயத்துக்குள் கொண்டுபோனார். சில காலம் அங்கே வழிபடுவதையே புறக்கணித்தார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து போராடினார். மக்கள் அவரை "யூத காந்தி" என்று அழைத்தார்கள். 1930களிலும் 40களிலும் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முதலில் பின்வரிசையில் இடம், பிறகு வேதம் வாசிக்க அழைப்பு. கல்யாணம் மட்டும் கடைசிவரை பூட்டியே இருந்தது. 1950இல் அவருடைய மகனும் ஒரு வெள்ளை யூதப் பெண்ணும் மணம் முடிக்க விரும்பியபோது கொச்சியில் நடத்த முடியவில்லை. பம்பாய்க்குப் போய்த்தான் செய்துகொண்டார்கள்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். இஸ்ரேல் உருவானது 1948. கொச்சி யூதர்கள் பெருந்திரளாக வெளியேறியது 1953 முதல் 1955 வரை. கேட்டுக் கேட்டு, உட்கார்ந்து போராடிப் பெஞ்சு கிடைத்த நேரத்தில் கப்பல் புறப்படத் தயாராகிவிட்டது. சமூகம் முழுவதும் ஒரே சபையாக உட்கார்ந்து "நாம் இருப்பதா, போவதா, போனால் யார் முதலில், இருப்பவர்களுக்கு என்ன வழி" என்று பேச ஒரு பொது இடம் உருவாகவே இல்லை. எட்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டது.

அன்று கேரளத்தில் மொத்தம் சுமார் 2,500 யூதர்கள். அதில் பரதேசிகள் நூறு பேர் அளவில்தான். எதிர்த்தெருவில் இரண்டாயிரம் பேர் ஒரே வேதத்தைப் படிக்க, இந்த நூறு பேர் தங்களுக்குள்ளேயே வரன் தேடினார்கள். அகமணம் சாதியைக் காப்பாற்றும் இயந்திரம் என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதிவிட்டார். இங்கே அந்த இயந்திரம் சாதியைக் காப்பாற்றி, அந்தச் சாதியில் ஆளே இல்லாமல் செய்துவிட்டது.

மலபாரி யூதர்கள் கிளம்பியதற்குப் பாகுபாடு மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. எருசலேம் பற்றிய பக்தி இருந்தது. வறுமை இருந்தது. புதிய நாட்டின் அழைப்பு இருந்தது. அந்த அழைப்பும் நேராக வரவில்லை. கொச்சியில் யானைக்கால் நோய் உண்டு என்ற அச்சத்தில் இஸ்ரேல் அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் தாமதம் செய்தார்கள். வீடு வாசலை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் தவித்தார்கள். 1953இல் அவர்களுக்காகப் பேச இஸ்ரேலுக்குப் போனது, வாசல் அறையில் உட்காரவைக்கப்பட்ட அதே சேலம்தான். 1955இல் மாலா என்ற ஊரின் யூதர்கள் தங்கள் ஜெப ஆலயத்தையும் கல்லறையையும் பஞ்சாயத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். பிற்காலத்தில் அந்தக் கல்லறை நிலத்திலேயே விளையாட்டரங்கு எழுப்பும் வேலை நடந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆள் இல்லாத சமூகத்தின் சுடுகாடு எவ்வளவு நாள் சுடுகாடாக இருக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்று பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் கட்டிப் பார்க்கிறார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்து மரவேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டடம் சரக்குக் கிடங்காக இருந்து 2019 மழையில் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. யூத முறைப்படி பொது வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒரு காலத்தில் வாசல் அறைத் தரையிலேயே பத்துப் பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த இடத்தில், இன்று பத்துப் பேர் சேர்வதில்லை.

மாடியில் உட்கார்ந்தவர்கள்

ஜெப ஆலயத்தில் பெண்களுக்கு மேல்மாடம். சபைக் கூட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. ஆனாலும் கொச்சி யூதர்களின் மலையாளப் பாட்டு முழுவதும் பெண்களின் நோட்டுப் புத்தகங்களில்தான் பிழைத்தது. தாய் எழுதி மகளுக்குக் கொடுத்த நோட்டுகள் அவை. கல்யாணப் பாட்டு, வேதக்கதைப் பாட்டு, ஒவ்வொரு ஜெப ஆலயத்தைப் பற்றிய பாட்டு எல்லாம் அவற்றில் இருந்தன.

ரூபி டேனியல் 1912இல் "விடுவிக்கப்பட்டவர்கள்" பிரிவில் பிறந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணிபுரிந்தார். 1951இல் இஸ்ரேலுக்குப் போய் ஒரு கூட்டுப்பண்ணையில் வாழ்ந்தார். பார்பரா ஜான்சன் என்ற மானிடவியலாளரோடு சேர்ந்து 1995இல் அவர் வெளியிட்ட நினைவுநூல் இல்லையென்றால், வாசல் அறையில் உட்கார்ந்தவர்களின் பக்கத்திலிருந்து இந்தக் கதை இவ்வளவு தெளிவாக நமக்குக் கிடைத்திருக்காது. தரைக்கும் மாடிக்கும் தள்ளப்பட்டவர்கள்தான் சமூகத்தின் நினைவைத் தூக்கிச் சுமந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு எதிர்காலம் பேசுவது எப்படி?

போன இடத்திலும் விடவில்லை

"இங்கே சாதி, அங்கே போனால் சரியாகிவிடும்" என்பது ஊரை விட்டு நகரத்துக்குப் போகும் நம் ஆட்கள் சொல்வது. யூதர்களுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. மகாராஷ்டிரக் கடற்கரையில் எண்ணெய் ஆட்டிய பெனே இஸ்ரேல் யூதர்கள், சனிக்கிழமை வேலை செய்யாததால் "சனிவார் தேலி" என்று ஒரு சாதியாகவே அறியப்பட்டவர்கள். அவர்களுக்குள்ளும் வெள்ளை, கருப்பு என்று "கோரா", "காலா" பிரிவுகள் இருந்தன. இஸ்ரேலுக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர், நிறத்தால் ஒதுக்கப்படுகிறோம் என்று சொல்லி 1951-52இல் டெல் அவிவில் உட்கார்ந்து போராடினார்கள். இந்தியாவுக்கே திருப்பி அனுப்பு என்று கேட்டுத் திரும்பியும் வந்தார்கள். 1960களின் தொடக்கத்தில், கல்யாணம் பதிவு செய்ய வேண்டுமானால் அவர்களின் பாட்டன் பூட்டன் வரை வம்சத்தை விசாரிக்க வேண்டும் என்று அங்கிருந்த தலைமை மதபீடம் உத்தரவிட்டது. மறுபடியும் போராட்டம். 1964இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் தலையிட்டு, அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்று அறிவித்த பிறகுதான் அது ஓய்ந்தது.

1971இல் எருசலேமின் ஏழைப் பகுதி ஒன்றில், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து வந்த யூத இளைஞர்கள் தங்களைக் "கருஞ்சிறுத்தைகள்" என்று அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள். இரண்டுக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இயக்கம்தான் முன்மாதிரி. "நாமெல்லாம் ஒரே இனம், ஒரே தேசம்" என்ற பெரிய ஒற்றுமைக்குள் தரை எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் இவர்கள்.

குண்டூரில் ஒரு மாதிகச் சேரி

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஆந்திரத்தில் இருக்கிறது. குண்டூர் மாவட்டம் சேப்ரோலு பக்கத்தில் கொத்தரெட்டிபாளையம் என்ற ஊர். அங்கே மாதிகச் சமூகத்தைச் சேர்ந்த சில பத்துக் குடும்பங்கள், முன்பு கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள், தங்களை யூதர்கள் என்று அறிவித்து ஒரு சிறிய ஜெப ஆலயம் வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலின் தொலைந்துபோன குலங்களில் ஒன்றான எப்ராயீமின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. "பெனே எப்ராயீம்" என்று பெயர். மாட்டிறைச்சி உண்பதையும் தங்கள் பழைய வழக்கங்களையும் அவர்கள் இழிவாகப் பார்க்காமல், ஒரு தொன்மையான மக்களின் அடையாளமாகத் திருப்பிப் படித்தார்கள். யூலியா எகொரோவா, ஷாஹித் பர்வேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இவர்களோடு பழகி ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள்.

அந்த வம்சக் கதை உண்மையா என்பது நமக்கு முக்கியமான கேள்வி அல்ல. அயோத்திதாசர் 1898இல் நம்மைப் பூர்வ பௌத்தர்கள் என்று சொன்னபோதும், பிறர் கொடுத்த கதையைத் தூக்கிப்போட்டுத் தன் கதையைத் தானே எழுதும் துணிச்சல்தான் அதில் பெரிது. நம் கேள்வி வேறு. இந்தக் குடும்பங்கள் தங்கள் எதிர்காலத்தைப் பேச உட்கார்ந்தால், அந்த அறையில் அவர்களோடு இரண்டு அரசுகளும் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, அவர்களை இன்னும் யூதர்களாக ஏற்காத இஸ்ரேல். மற்றொன்று, 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை.

அந்த ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர், இஸ்லாமியர், யூதர் எவரும் இல்லை. ஆகவே ஒரு மாதிகர் சான்றிதழில் "யூதர்" என்று எழுதினால் சேரி அப்படியே இருக்கும், வீட்டுமனை அப்படியே இருக்கும், தண்ணீர்க் குழாயில் நடக்கும் அவமானம் அப்படியே இருக்கும், இட ஒதுக்கீடு மட்டும் போய்விடும். நம் பக்கத்துத் தலித் கிறிஸ்தவர்களின் நிலையும் இதுதான். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. எதுவும் சான்றிதழாக மாறி நம் கைக்கு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே மாதிகர்கள்தான் 1994 முதல் உள்ஒதுக்கீடு கேட்டுத் தண்டோரா போட்டார்கள். "தலித் ஒற்றுமை குலையும்" என்பதுதான் அப்போது அவர்களுக்குக் கிடைத்த பதில். தமிழ்நாட்டில் அருந்ததியர் கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. 2009இல் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்வகைப்படுத்தல் செல்லும் என்று சொன்னது. ஒற்றுமை குலைந்துவிட்டதா? பின்வரிசையில் இருந்தவர்களில் சிலர் முன்னே வந்தார்கள். அதைக் குலைவு என்று சொல்பவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

நம் கூட்டங்களுக்கு வருவோம்

பஞ்சமி நிலத்தின் வரலாறு நம் மாவட்டத்து வரலாறு. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையால்தான் 1892இல் நமக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் கிராம சபைத் தீர்மானங்களாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூடிப் பேசுவது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று நம் மண்ணுக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஆயுதத்தின் கைப்பிடி யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறோம்.

நம் கூட்டங்களை நாமே நேர்மையாகப் பார்ப்போம். ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களாக இருக்கும் அருந்ததியர் குடும்பங்கள் கடைசித் தெருவில் இருக்கின்றன. பல கூட்டங்களில் நோட்டீஸ் அந்தத் தெருவுக்குப் போவதற்குள் கூட்டம் முடிந்துவிடுகிறது. ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்கள் தூங்கும் நேரத்தில் நாம் மைக் செட்டு போடுகிறோம். மாற்றுச் சாதியில் கல்யாணம் செய்துகொண்ட இணையர், அவர்கள் நம் பிள்ளைகளாகவே இருந்தாலும், கூட்டத்துக்கு வரத் தயங்குகிறார்கள். வேறு சபைக்கு ஜெபிக்கப் போகிறவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் பேசும் மேடையில் ஏறுவதில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து நம் சேரியிலேயே வாடகைக்கு இருக்கும் தலித், பழங்குடித் தொழிலாளர்களை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவர்கள் தங்குவது நம் வீட்டில், வாடகை வாங்குவது நாம்.

"எல்லாம் சரி, ஆனா நிலம் போகப்போகுது, எதிரி வாசலில் நிக்கிறான், இப்ப போய் உட்பிரிவு, பெண்கள், வடக்கத்தியர்னு பேசினா கூட்டம் உடையும்" என்று சொல்பவர்களுக்கு நம் பதில் இது. கூட்டம் ஏற்கனவே உடைந்துதான் இருக்கிறது. உடைந்த இடம் மேடையிலிருந்து தெரியவில்லை, அவ்வளவுதான். நிலத்துக்கு இழப்பீடு வரும்போது பட்டா வைத்திருப்பவருக்கும் புறம்போக்கில் குடிசை போட்டவருக்கும் ஒரே பணம் வராது. அப்போது முதலில் கையெழுத்துப் போட்டு வெளியேறப்போவது, இதுவரை யாரும் கேட்காதவர்கள்தான். அவர்களைத் துரோகி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கும்?

1936 மே மாதக் கடைசியில் பம்பாயில் மதமாற்றம் பற்றி முடிவெடுக்க அம்பேத்கர் மாநாடு கூட்டியபோது, மகர்களை மட்டும் அழைத்தார். ஏன் மற்ற சாதியினரை அழைக்கவில்லை என்பதற்கும் மாநாட்டிலேயே விளக்கம் சொன்னார். அந்தத் தேர்வில் நமக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆனால் அந்த நேர்மையைக் கவனியுங்கள். அறையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, ஏன் இல்லை என்பதைத் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். பாதிப் பேர் இல்லாத அறையில் உட்கார்ந்து "ஒட்டுமொத்தச் சமூகத்தின் முடிவு" என்று தீர்மானம் எழுதவில்லை.

ஆகவே இளம் தோழர்களுக்குச் சில வேலைகள். கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன் தெருவாரியாகப் பெயர் எழுதுங்கள். எந்தத் தெருவில் யாரையும் கேட்கவில்லையோ அந்தத் தெருவில் முதல் ஆயத்தக் கூட்டத்தை வையுங்கள். ஷிப்டு நேரம் பார்த்து ஒரே விஷயத்தை இரண்டு முறை பேசுங்கள். பெண்கள் "கலந்துகொண்டார்கள்" என்று எழுதாதீர்கள், யார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நிகழ்ச்சிக் குறிப்பின் முதல் வரியில், இன்று யார் வரவில்லை என்று பதியுங்கள். சுடுகாடு, தண்ணீர், கல்யாணம் மூன்றையும் "அப்புறம்" பட்டியலில் தள்ளாதீர்கள். கொச்சியில் கடைசிவரை திறக்காமல் கிடந்தது கல்யாணம்தான்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள் இருக்கின்றன. அடுத்த கிராம சபைக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு கூட்டம் போடுவோம். எல்லோருக்கும் போதுமான நாற்காலி இருந்தால் போடுவோம். இல்லையென்றால் நாற்காலியை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, தலைவர், கமிட்டி, பேச்சாளர் உட்பட எல்லோரும் பாயில் உட்காருவோம்.